கரும்பு ஆபீஸில் ஓர் ஒத்திகை

எண்பதுகளின் பிற்பாதியில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் விவசாயிகளின் பெயர், ஊர், நட்ட தேதி எல்லாம் பதினோரு தடித்த நோட்டுகளில் இருந்தன. யாருக்கு எப்போது வெட்டு என்று அவற்றைப் புரட்டித்தான் சொல்வோம். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அதை யாரும் தாமதம் என்று நினைத்ததில்லை.

அரவை இல்லாத மாதம் ஒன்றில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் அதோடு ஓர் இன்ஜினியரும் வந்தார்கள். கம்ப்யூட்டருக்கு ஏசி போட்ட அறை கொடுத்தார்கள். இன்ஜினியருக்கு கெஸ்ட் ஹவுஸில், மின்விசிறி ஓடாத அறை.

அவர் நாற்பது பெயர்களை ஏற்றி எங்களுக்குச் செய்து காட்டினார். பட்டனை அமுக்கினார், விரலை எடுப்பதற்குள் தேதி வந்துவிட்டது. கரும்பு அதிகாரிக்குத் திருப்தி. அரவையின் முதல் நாளிலிருந்து இதுதான், நோட்டுகளை ஸ்டோருக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

"சார், இதுல நாப்பது பேருதானுங்க இருக்காங்க. அல்லாரையும் ஏத்துனா இதே வேகத்துல சொல்லுமுங்களா?"

இன்ஜினியர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லணும்," என்றார்.

அந்த 'ணும்' அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. எல்லாரையும் ஏற்றுங்கள், அரவைக்கு முன்னால் ஒருநாள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று உத்தரவு போட்டார். நானும் இன்ஜினியரும் இரண்டு மாதம் ஏற்றினோம். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு அப்பா பெயரும் ஒன்று.

ஒத்திகை அன்று காலை பத்து மணிக்கு கேன்டீன் சமையல்காரர், வாட்ச்மேன், ஜீப் டிரைவர் மூவரும் விவசாயிகளாக வந்து வரிசையில் நின்றார்கள். சமையல்காரருக்கு ஜேடர்பாளையத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருப்பவரின் பெயரைக் கொடுத்திருந்தோம். அவர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார். தோளில் துண்டு போட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, எனக்கு எப்ப வெட்டுங்க? ஆளுகளுக்குச் சொல்லி வெக்கோணும்."

நான் பெயரைத் தட்டினேன். திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் சற்று நின்று பார்த்துவிட்டு, உலையில் அரிசி போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வந்தபோதும் கோடு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி போய்ச் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இன்னும் தேடுதுங்களா?"

"தேடுதுங்க."

மூன்றாவது ஆளான டிரைவருக்குத் தேதி வந்தபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சமையல்காரர் கோபப்படாமல் சொன்னார்: "நெசமாலுமே எனக்குக் கரும்பு இருந்திருந்தா, இந்நேரம் ரோட்டுல போயி உக்காந்திருப்பேனுங்க." இன்ஜினியர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கோளாறு இதுதான். ஒருவருடைய முறையைச் சொல்வதற்காக, அந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் எல்லா விவசாயிகளையும் நட்ட தேதிப்படி புதிதாக வரிசைப்படுத்தியது. நோட்டுகளிலிருந்து ஏற்றிய பழைய வருடங்களின் பதிவுகளையும் விடாமல் படித்தது. இட்லி கேட்கும் ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாக மாவாட்டுகிறது என்று அதிகாரிக்கு விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. யார் ஆட்டச் சொன்னது என்று கேட்டார்.

இன்ஜினியர் மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றினார். வரிசையை முதல் நாள் சாயங்காலமே போட்டு வைத்துக்கொள்வது, பழைய பதிவுகளைத் தனியே பிளாப்பிகளில் எடுத்து வைப்பது, ஆளுக்கு ஓர் எண் கொடுப்பது என்று ஏற்பாடானது. இரண்டாம் ஒத்திகைக்குச் சமையல்காரர் ஈரக்கையோடு வந்தார். கை காய்வதற்குள் தேதி வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரவை தொடங்கிய அன்று முதலில் வந்தவர் நிஜமான விவசாயி, வயதானவர். எண்ணைத் தட்டி, மாசி பதினைந்து என்று சொன்னேன். அவர் நகரவில்லை.

"பாக்காமயே சொல்றீங்களே, சாமி."

கம்ப்யூட்டர் பார்த்துவிட்டது என்றேன். அவர் அதை ஒரு முறை பார்த்தார். "அது எங்கூட்டுக் கரும்பக் கண்டதே இல்லீங்களே. செத்த நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்களும் ஆமாங்க என்றார்கள். மறுபடி தட்டினேன், அதே தேதி. அவர் அப்போதும் போகவில்லை. வேறு வழி தெரியாமல் பிரிண்டரை ஓட விட்டேன். அது கரகரவென்று இழுத்து ஒரு சீட்டு அடித்தது. முழுக்க ஆங்கிலம். அவர் படித்துப் பார்க்காமல் நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு, வாரேனுங்க என்று கிளம்பினார். அடுத்தவர் தேதியைக் கேட்கவேயில்லை. சீட்டைக் கேட்டார்.

பதினோரு மணிக்கு வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. சீட்டு சிக்கியது, ரிப்பன் மங்கியது, அவ்வப்போது பிரிண்டரே சூடாகி நின்றது. பிரிண்டரை ஒத்திகையில் சேர்க்கவில்லை என்று இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். எனக்கும்தான் தோன்றவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து ஆபீஸ் கிளார்க் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லும் தேதியைப் பேனாவால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வரிசை மத்தியானத்துக்குள் முடிந்தது. முதல் நாளே கேட்டு எழுதிய இரண்டாவது பிரிண்டர், அரவை முடிந்த வாரம் வந்து சேர்ந்தது.