நான் சிபாரிசு செய்த மடிக்கணினி

“சார், நீங்க எழுதுனத நம்பித்தான் வாங்குனேன். வந்து பாருங்க, என்ன லட்சணத்துல இருக்குன்னு.”

ஒரு திங்கட்கிழமை காலை, தொழிற்சாலைக் கதவில் அட்டையைத் தட்டி உள்ளே நுழையும்போது வந்த குரல் பதிவு அது. ஒரு பெண்ணின் குரல். அழவில்லை, கெஞ்சவில்லை. கடனே என்று வேலை செய்தவனைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிற குரல். கடைசியில், “நான் ரெங்கத்துலருந்து பேசுறேன்” என்று ஊரை மட்டும் சொல்லி முடிந்திருந்தது.

நான் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்தின் செனாயில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர்களின் மடிக்கணினிகளைப் பழுது பார்ப்பதும் புதியது வாங்கும்போது எது நல்லது என்று சொல்வதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் அதையே கட்டுரையாக எழுதிவந்தேன். எது புதிதாக வந்திருக்கிறது, எதை வாங்கலாம், எதன் பக்கம் போகக் கூடாது. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து போட்டுக்கொண்டதால் வாசகர்கள் என்னை ஆண் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. பெண் ஒருத்தி மெமரியைப் பற்றியும் சிப்பைப் பற்றியும் சொன்னால், “எதுக்கும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்” என்று கிளம்புகிறவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

அந்தப் பெண் சொன்ன கட்டுரை எது என்று எனக்கு உடனே தெரிந்தது. அதைப் பற்றி எனக்கு முன்பே ஓர் உறுத்தல் இருந்தது.

அந்தச் சமயத்தில் புதுக் கணினிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. மெமரி சில்லுகளை டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிக்கின்றன, நம் போன்றவர்களுக்கு மிச்சம்தான் என்று வாரம் தவறாமல் செய்தி வந்தது. நான் வேலைக்குப் போகும் வழியிலேயே அப்படிப்பட்ட கட்டடங்கள் ஜன்னல் இல்லாமல் நீளநீளமாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் மண், எங்கள் தண்ணீர், எங்கள் மின்சாரம். ஆனால் பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கப் போனால் விலை கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. அதனால் எல்லோரும் செகண்ட் ஹேண்ட் பக்கம் போனார்கள்.

செய்தித் தளத்தின் ஆசிரியர் என்னை ஜோகூர் பாருவில் ஒரு கடைக்கு அனுப்பினார். பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டிய மடிக்கணினிகளை மொத்தமாக வாங்கி, துடைத்து, சரிபார்த்து விற்கிற கடை. கடைக்காரர் நம் தமிழர்தான், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கணினியை எடுத்து என் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பளிச்சென்று இருந்தது. நான் மகிழ்ந்துபோய் எழுதினேன். கூடவே ஒரு பத்தி எச்சரிக்கையும் எழுதினேன்: வாங்கும் முன் அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், திருகாணியில் துரு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், திறக்க மறுக்கும் கடையில் நிற்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தபோது அந்தப் பத்தி இல்லை. அதன் இடத்தில் கடையின் படமும் முகவரியும் இருந்தன. “பழசு என்று பயம் வேண்டாம்” என்று தலைப்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்ச் சாப்பிட்டேன். மறுநாளும் அனுப்பவில்லை, அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை.

குறுஞ்செய்தியில் முகவரி கேட்டு வாங்கி, சனிக்கிழமை காலை ரெங்கத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, கதவுக் கம்பி வழியாக என்னையும் என் பின்னாலும் பார்த்தார்.

“சார் வரலியா?”

“நான்தான்மா எழுதுறது.”

“நீங்களா? பொம்பளையா?” கதவைத் திறந்துவிட்டார். “அப்ப இன்னும் கோவம் வருது எனக்கு.”

வீட்டின் முன்னறைதான் அவருடைய தொழிற்கூடம். கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள், மரண அறிவிப்பு எல்லாவற்றுக்கும் பேனர் வடிவமைத்துக் கொடுக்கிறார். அச்சிடுவது பக்கத்து ஊரான குளுவாங்கில் ஒரு சீனர் கடை. சுவர் முழுக்க மாதிரிகள் ஒட்டியிருந்தன. எழுத்துகள் எல்லாம் நேர்த்தியாக இருந்தன. ஒரு புள்ளி, ஒரு கால் கூட விட்டுப்போகவில்லை. இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவரையா ஏமாற்றினோம் என்று நினைத்தேன்.

என்னை உட்காரச் சொல்லவில்லை. என் கட்டுரையை அச்சிட்டு வைத்திருந்தார். சிவப்பு மையால் கோடு போட்ட ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்தார்.

“‘அலுவலகங்களில் இருந்தவை என்பதால் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை.’ இது நீங்க எழுதுனதா இல்லையா?”

“நான் எழுதுனதுதான்.”

“எப்படித் தெரியும் உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னார், நான் எழுதினேன்.

பிறகு நடந்ததைச் சொன்னார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் விசைகள் தொடாமலேயே எழுத ஆரம்பித்தன. திரையின் மூலையில் பழுப்பாக ஒரு கறை வந்து பரவியது. அந்தக் கறை படிந்த திரையிலேயே நிறம் பார்த்து ஒரு கல்யாண பேனர் செய்துகொடுத்தார். கல்யாணப் பெண்ணின் அரக்குச் சேலை காய்ந்த ரத்த நிறத்தில் அச்சாகி வந்தது. பெண்ணின் அம்மா ஆட்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டினார். கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணினி ஒரேயடியாக அணைந்துவிட்டது. கடைக்கு எடுத்துப் போனால், “தண்ணி ஊத்திட்டீங்க, வாரண்டி இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“ஒரு மாசம் நானும் அப்படித்தான் நெனச்சேன். நாந்தான் எதையோ கெடுத்துட்டேன்னு. மேசையில தண்ணி போத்தலே வைக்காதவ நான்.”

பையிலிருந்து திருப்புளியை எடுத்து அடிமூடியைக் கழற்றினேன். மூடி விலகியதும் ஒரு வாடை வந்தது. காற்றாடியின் அடியில் மாவு போல மெல்லிய மஞ்சள் களிமண் படிந்திருந்தது. உள் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. சர்க்யூட் பலகையின் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விசைப்பலகையும் வெளி ஓடும் மட்டும் புதுசு. நான் வாய் திறப்பதற்குள் அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“இது வெள்ளத்துல போன சாமான்.”

“ஆமாம்மா, அப்படித்தான்…”

“எங்க அக்கா வீடு கோத்தா திங்கில, அடிக்கடி வெள்ளம் வர்ற எடம். தண்ணி ஏறி எறங்குனா நாந்தான் போயி கழுவிக் குடுப்பேன். ஐஸ்பொட்டி, பீரோ, மெத்த, எல்லாத்துலயும் இந்த வாடதான். இது எனக்குத் தெரியும்.”

எங்கேயோ ஒரு அலுவலகம் வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது. குப்பைக்குப் போக வேண்டியதை யாரோ கழுவி, காயவைத்து, புது ஓடு போட்டு, என் கட்டுரையோடு சேர்த்து இந்த அம்மாவிடம் விற்றிருக்கிறார்கள். மூடியை மட்டும் பொருத்தி, கணினியைப் பையில் வைத்தேன்.

“கெளம்புங்க, கடைக்குப் போலாம்” என்றேன்.

அவர் ஏற்கெனவே கைப்பையை எடுத்துவிட்டிருந்தார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். “வாங்கக்கா, வாங்க! நீங்க எழுதுன பெறகு நல்ல கூட்டம் லா.” பின்னால் வந்தவரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “இவங்க உங்களுக்கு வேண்டியவங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்ல.”

“வேண்டியவங்க இல்லன்னா மாத்த மாட்டீங்களா?”

“அப்படி இல்லக்கா…”

கணினியைத் திறந்து அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன். “இந்த மண்ணு எப்படி வந்துச்சு?”

“தூசிக்கா. ஆபீஸ் மெஷின்னா தூசி இருக்கத்தான் செய்யும்.”

“தூசி பட்டா துருப்பிடிக்குமா?”

“நாங்க சப்ளையர்கிட்ட மொத்தமா எடுக்குறோம். ஒவ்வொன்னயும் தொறந்து பாக்க முடியுமா?”

“எனக்குத் தொறந்து காட்டுனீங்களே?”

அவர் கணினியை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்குக் காட்டுவதற்கென்றே ஒரு நல்ல கணினியை எடுத்து வைத்திருந்திருக்கிறார். நான் போனேன், பார்த்தேன், வாயைப் பிளந்தேன், எழுதினேன். தொழிற்சாலையில் ஒரு பெட்டி வந்தால் நாலு பக்கமும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் நான். அங்கே மட்டும் என் மூளை எங்கே போயிருந்தது?

“அந்த வரிசையில இன்னொன்னத் தொறங்க” என்றேன். சுவரோரம் அதே மாதிரியில் ஒரு வரிசையே அடுக்கியிருந்தது.

“தொறந்தா சீல் போயிடும்க்கா.”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வரிசைக்குப் போய்விட்டார். ஒரு கணினியை எடுத்து, காற்று வரும் ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தார். கீழே வைத்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது. நாலாவதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மகளுக்கு மடிக்கணினி பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்காரத் தம்பதியிடம் நீட்டி, மோந்து பாருங்கள் என்று மலாயில் சொன்னார். அந்தக் கணவர் சிரித்துக்கொண்டேதான் முகர்ந்தார். சிரிப்பு நின்றது. மனைவியிடம் நீட்டினார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்து மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

“அக்கா, என்ன பண்றீங்க? இங்க ஆளுங்க இருக்காங்க!”

“அதுக்குத்தான் பண்றேன்” என்றார் அந்த அம்மா. “எல்லாரும் மோந்து பாக்கட்டும்.”

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொடுத்த பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தாளை நீட்டி, திருப்தி என்று கையெழுத்துக் கேட்டார்கள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி முழுவதையும் படித்தார். “திருப்தி இல்லையே” என்று மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் அவர் பணத்தை இன்னொரு தடவை எண்ணிக் கைப்பையில் வைத்தார். ரெங்கத்துக்குப் பிரியும் சிம்பாங் ரெங்கம் வந்ததும் கேட்டார். “அவன்கிட்ட நல்லாத்தான் கத்துனீங்க. அந்தக் கட்டுரைய என்ன பண்ணப் போறீங்க?”

அன்று மாலையே ஆசிரியரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, இந்த வாரம் இதைத்தான் எழுதுவேன் என்றேன்.

“அவங்க வெளம்பரம் குடுத்திருக்காங்க லா. அந்தம்மாவுக்குத்தான் பணம் கெடச்சிருச்சே, அப்புறம் என்ன செய்தி?”

“அந்த எச்சரிக்கைப் பத்திய ஏன் எடுத்தீங்க?”

“எடம் பத்தல.”

“இணையத்துல எடம் பத்தலயா?”

“அந்த வரி வேணாம்னு அவங்க கேட்டாங்க. சின்ன விஷயம்தானேன்னு எடுத்துட்டேன். நீங்களும் ஒன்னும் சொல்லலியே?”

அந்தக் கடைசிக் கேள்விக்காக அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அது நியாயமான கேள்வி என்பதால் இன்னும் கோபம்.

கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன், மறுத்தார். அதன் கீழே என் பெயராக இருக்கும் அந்த இரண்டு எழுத்துகளையாவது எடுக்கச் சொன்னேன், பார்க்கலாம் என்றார், பார்க்கவே இல்லை. நடந்ததை, களிமண் படத்தோடு, என் சொந்த முகநூல் பக்கத்தில் எழுதினேன். கடையின் பெயரைப் போடவில்லை. வழக்கு வந்தால் தாங்க முடியாது என்ற பயம்தான், வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கொஞ்சம் பேர் பகிர்ந்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் தளத்தில் என் இடத்தில் வேறொருவர் எழுதினார். எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரெங்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“ஒன்னும் கேக்கறதுக்கு இல்ல, சொல்லத்தான் கூப்ட்டேன். குளுவாங்ல மேசைக் கம்ப்யூட்டரா சேர்த்துக் குடுக்கச் சொல்லி வாங்கிட்டேன். திரை தனியா, பெருசா, நெறம் சரியா இருக்குறதாப் பாத்து. எல்லாப் பாகத்தையும் மேசையில பரப்பச் சொல்லி, கண்ணு முன்னாலயே மாட்டச் சொன்னேன். அரை நாள் நின்னேன்.”

“நல்ல வேல பண்ணீங்கம்மா.”

“நான் அந்த அறைய விட்டு எங்கயும் போறதில்ல. எனக்கு எதுக்கு மடியில வைக்கிற கம்ப்யூட்டர்? நீங்க எழுதும்போது அத மொதல்ல கேட்டிருக்கணும்.”

ஆமாம் என்றேன். இத்தனை ஞாயிறுகளில் எத்தனையோ மாதிரிகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். என்ன வேலைக்கு, எங்கே உட்கார்ந்து என்று ஒரு தடவைகூட முதல் வரியில் கேட்டதில்லை.

அவர் கதை ஒரு வழியாக முடிந்தது. என்னால்தான் விட முடியவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடை இன்னும் இருந்தது, வேறு பெயர்ப் பலகையோடு. உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் இருந்த வரிசையைக் காணோம். எல்லாம் விற்றுப்போயிருக்கும். பெக்கோக்கிலோ பொந்தியானிலோ, ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் அதில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, தான்தான் எதையோ தப்பாக அழுத்திக் கெடுத்துவிட்டதாக நினைத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருப்பார்.