மூன்று தம்ளரும் மூன்றாவது தம்ளரும்

விமானம் ஏறாமல், பாஸ்போர்ட் எடுக்காமல் புலம்பெயர்ந்தவள் நான். அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி, கேரள எல்லையில் பாறசாலை பக்கம் கொல்லயிலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே தினமும் காலையில் என் அடுக்களையில் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். "மூணாவது தம்ளரை எடுத்துட்டு வா" என்றால், நாலு வயது மகள் ஆதிரா மூன்று தம்ளரையும் அள்ளிக்கொண்டு வருகிறாள். அதே பிள்ளை அங்கன்வாடியில் மூன்றாவது ஆள் யார், ஐந்தாவது ஆள் யார் என்று பிசகாமல் சொல்கிறதாம். சொன்னவள் அங்கே பாடம் எடுக்கிற ஷைலா டீச்சர். எனக்கு எப்படி இருக்கும்?

ஊரில் நானும் நர்சரிப் பள்ளி டீச்சர்தான். சுவரில் ரயில் படம் ஒட்டி, முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி என்று குச்சியால் தொட்டால் முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தும். இங்கே என் தமிழ்ப் படிப்புக்கு ஒரு பள்ளியிலும் வேலை கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு மாணவி. அவளும் சாயங்காலம் வந்து, "டீச்சர் அங்ஙனெ அல்லல்லோ பறஞ்ஞது" என்கிறாள். டீச்சர் அப்படிச் சொல்லவில்லையாம்.

அந்த டீச்சரிடம் படமும் இல்லை, குச்சியும் இல்லை. கஞ்சிக்கு முன்னால் கைகழுவப் பிள்ளைகளைக் குழாயடியில் வரிசையாக நிறுத்துவாள். இன்றைக்கு முதலில் நின்ற பிள்ளை நாளைக்குக் கடைசி; மற்றவர்கள் ஓரிடம் முன்னே நகர்வார்கள். அவ்வளவுதான் பாடம். "இதென்ன பெரிய வித்தை?" என்று வீட்டுக்காரரிடம் பொருமினேன். இந்த ஊர்க்காரரான அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ வெறுதே கண்ணுகடி கொள்ளாத. அது அவளுக்க வேலையாக்கும்."

பொறாமைக்கு இங்கே கண்ணுகடி என்று பேர். ஆமாம், பொறாமைதான்.

மறுநாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் நானே சொல்லிக்கொடுத்துவிட்டு, தலை நிமிர்ந்து கொண்டுபோய் விடலாம் என்று நினைப்பு. மூன்று நாளாயிற்று. தம்ளர், கரண்டி, தேங்காய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வரிசை வைத்தேன். மூன்றாவதைக் கேட்டால் மூன்று வந்தது. நான்காவதைக் கேட்டதும் அழுகை வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேகவைத்த பயறோடு டீச்சரே வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆதிராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை என்று தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் புரியட்டும் என்று இந்தப் பக்கத்துத் தமிழில் சொன்னாள்.

"நாளைக்கு அனுப்பு மக்கா. மூணு நாளா பைப்படியில முன்னாடி ஆளில்ல. ஆதிராக்க முறையாக்கும், நாங்க கேறி நிக்க மாட்டோம்ணு பிள்ளைக சொல்லுது. ஒரு ஆளுக்க இடம் விட்டுட்டுத்தான் ரெண்டாமத்தெ பிள்ளை நிக்குது."

டீச்சரிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டதாக நினைத்திருந்தேன். பிடுங்கியது என் பிள்ளையின் இடத்தை.

காலையில் நானே கூட்டிப்போனேன். கஞ்சி நேரம்வரை வாசலிலேயே நின்றேன். ஆதிரா ஓடிப்போய் அந்தக் காலி இடத்தில் நிமிர்ந்து நின்றாள். கண் கலங்கியது, அப்போதும் டீச்சர்மேல் கொஞ்சம் எரிச்சல் மிச்சம் இருந்தது. சட்டென்று மகள் வந்து என் கையை இழுத்துப்போய் வரிசைக் கடைசியில் நிறுத்தினாள். பிறகு முன்னால் போய், தன்னிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு... அசல் அருப்புக்கோட்டைப் பேச்சு. என்னைத் தொட்டபோது பன்னெண்டு. உடனே டீச்சரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா பந்த்ரண்டாமத்தெ."

எண்ணியது என் தமிழில். இடம் கொடுத்தது டீச்சரின் மலையாளத்தில். கழுவ வேண்டிய கையை முன்னால் நீட்டிக்கொண்டு நான் நின்றேன்.