பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டம்

போன வருஷம், கோடை முடிகிற சமயம். ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், முன்பு தோல் கிடங்காக இருந்த கட்டடத்தில் ஒரு பளு தூக்கும் பயிற்சிக்கூடம் நடக்கிறது. கிடங்கு காலியாகிப் பல வருஷம் ஆகியும் வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. நான் காட்பாடியில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு உளவியலில்தான் ஆய்வு செய்யப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எதைப் பற்றி என்றுதான் தெரியவில்லை. ஏதாவது சிக்காதா என்று அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண் எடை மாட்டிய கம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். இடுப்பிலிருந்த அகலமான தோல் பெல்ட்டை ஓர் இழு இழுத்து பக்கிளை மாட்டினாள். உள்ளங்கையால் பக்கிளை ஒரு தட்டு. நீளமாக ஒரு மூச்சு. குனிந்தாள், தூக்கிவிட்டாள். அடுத்த முறை யாரோ ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே வந்து அப்படியே குனிந்தாள். தட்டவில்லை. எடை தோள் வரை வந்து கீழே விழுந்தது. எனக்கு உட்காரவே முடியவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று கூடத்துக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

களத்தில் இறங்குவதற்கு முன் வீரர்கள் ஒரே வரிசையில் செய்கிற சின்னச் சின்னச் செயல்கள் மனதை ஒரு இடத்தில் நிறுத்தும் என்று வகுப்பில் படித்திருந்தேன். இவளிடம் அது தானாகவே இருந்தது. அதைச் செதுக்கிக் கொடுத்தால் போதும், போட்டியிலும் தூக்குவாள் என்று தோன்றியது.

அவளுக்கு அது தேவையாகவும் இருந்தது. முந்தைய மாவட்டப் போட்டியில், கூடத்தில் சர்வசாதாரணமாகத் தூக்குகிற எடையை மூன்று முயற்சியிலும் தவறவிட்டிருந்தாள். அவளுடைய அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பகுதியில் வேலை செய்கிறார். மகளுக்கும் அங்கே சொல்லி வைத்தாகிவிட்டது. இந்த முறை மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் பயிற்சியைத் தொடரலாம், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்ததும் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான். வீட்டில் பேசி முடித்த ஏற்பாடு இது. அவள் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“பஸ்ல ஜன்னலோரம் எனக்குன்னு சீட்டு கூட சொல்லி வெச்சிட்டாங்கக்கா எங்கம்மா.”

அவளை வைத்து ஆய்வு செய்ய அவள் அம்மாவிடமும் அவளிடமும் சம்மதம் வாங்கினேன். கோச் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்துவிட்டு, ஷிப்ட் முடிந்து ரயிலேறி வந்து பயிற்சி கொடுக்கிறவர். “மனசு கினசெல்லாம் கம்பிக்குத் தெரியாதும்மா. நீ பேசுறத பேசிக்கோ. பயிற்சி நேரத்த மட்டும் கம்மி பண்ணாத” என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் நான் ‘டாக்டரம்மா’ ஆகிவிட்டேன்.

அந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் பளு தூக்கும் பெல்ட்டைக் கடையில் வாங்குவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தோலோடு புழங்குகிற ஒருவர் இருப்பார், செய்து கொடுத்துவிடுவார். இவளுக்குச் செய்தவன் அண்ணன். கம்பெனியில் தோல் வெட்டுகிற வேலை. தங்கச்சியின் முதுகு பத்திரமாக இருக்கட்டும் என்று தடித்த தோலாகப் பார்த்து, தாராளமாக அகலம் விட்டு வெட்டியிருந்தான். அதைக் கட்டிக்கொண்டால் அவளுடைய பாதி வயிறு மறைந்துவிடும்.

நான் அந்த பெல்ட்டிலேயே எல்லாவற்றையும் கட்டினேன். இழு, மாட்டு, தட்டு, தோல் வாடையை உள்ளே இழு, மூச்சை விடு, குனி. என் குரலிலேயே செல்போனில் பதிவு செய்து கொடுத்தேன். படுக்கும் முன் கேட்கச் சொன்னேன். அவள் அண்ணன் அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டி வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். இருக்கட்டும், பலன் தெரிந்தது. கூடத்தில் தவறுவது நன்றாகவே குறைந்தது. கோச் பாராட்டவில்லையே தவிர, அவள் பக்கிளைத் தட்டும்போது யாராவது பேசினால் கையைக் காட்டி அடக்க ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டி வேலூரில், ஒரு பள்ளி அரங்கத்தில் நடந்தது. முதலில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்னாட்ச். அதற்கு அவள் பெல்ட் போடுவதில்லை. இரண்டாவது முயற்சியிலேயே தூக்கிவிட்டாள். அடுத்து, தோளுக்குக் கொண்டுவந்து நிறுத்தி அங்கிருந்து மேலே தள்ளுகிற ஜெர்க். போன முறை காலை வாரியது இதுதான். மூன்று முயற்சியில் ஒன்றாவது கூடாவிட்டால் ஸ்னாட்சில் தூக்கியதும் சேராது, பட்டியலில் பெயரே வராது.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் ஒருவர் நிறுத்தினார். இடுப்பைப் பார்த்தார், டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். விதிப்படி பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது, இது கூடுதல், கழற்று என்றார். கோச் ஏதோ சொல்லிப் பார்த்தார். நடுவர் விதியைத்தான் திரும்பச் சொன்னார். எங்கள் ஊர்ப் போட்டிகளில் இதுவரை ஒருவரும் பெல்ட்டை அளந்ததில்லை. கட்டுகிறவர்களும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் வெறும் இடுப்போடு போய் நின்றாள். கை தானாக பக்கிளைத் தேடிப் போனது. அங்கே ஒன்றுமில்லை. குனிந்தாள். எடை முழங்காலைத் தாண்டவில்லை.

உதவிக்கு ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்வது வேறு, அது இல்லாவிட்டால் போச்சு என்று ஒரு பொருளில் தொங்குவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அவளை பெல்ட்டில் தொங்கவிட்டது நான்தான். நடுவில் இன்னும் சில பெண்கள் தூக்க வேண்டியிருந்தது, கொஞ்சம் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அண்ணனிடம் வெட்டி வாங்கி வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பெல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

தங்கச்சி தூக்குவதைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் அண்ணன் வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தான். மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, ஓரத்தை வெட்டித் தரச் சொன்னேன்.

“இன்னாங்க, கத்தி கம்பெனில கீதுங்க. பல்லால கடிச்சா தர்றது?”

சொன்னானே தவிர, டீயைப் பாதியில் வைத்துவிட்டு என்னோடு ஓடி வந்தான். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் கத்தியும் அளவு டேப்பும் கேட்டு வாங்கினோம். அவன் கல்லின் மேல் பெல்ட்டை விரித்து, நகத்தால் கோடு போட்டு ஒரே இழுப்பில் இழுத்தான். தடித்த தோல் ரிப்பன் மாதிரி கழன்று வந்தது. தையல் பிரியாமல் இருக்க ஓரத்தை அழுத்திக்கொண்டே, “மொதல்லயே சொல்லிருந்தா சொகுசா வெட்டிருப்பேன்ல” என்றான். யாரைக் குறை சொல்கிறான் என்று கேட்க நேரமில்லை. திரும்ப ஓடினோம்.

அரங்கத்துக்குள் நுழையும்போது மேடையில் வேறு பெண் நின்றிருந்தாள். கோச் சுவரில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

“முடிஞ்சிபோச்சு டாக்டரம்மா. மூணாவதுல தூக்கிட்டா.”

இரண்டாவது முயற்சியிலும் கை பக்கிளைத் தேடியிருக்கிறது, தவறிவிட்டது. மூன்றாவதில் தேடவில்லையாம். நேரே போய்க் கம்பியைப் பிடித்திருக்கிறாள், தூக்கியிருக்கிறாள். அவ்வளவுதான். பட்டியல் வந்தபோது மாவட்ட அணியில் கடைசி இடம் அவளுக்கு. அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் இத்தனை மாதம் காத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் பார்க்கவே இல்லை.

கூட்டம் குறைந்ததும் அவளைத் தனியாகப் பிடித்தேன். மூன்றாவது முறை நின்றபோது என்ன செய்தாய், எதை நினைத்தாய், மூச்சை எப்படி விட்டாய் என்று கேள்வியாக அடுக்கினேன். தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தாள்.

“ஒண்ணும் பண்ணலக்கா. உங்களத்தான் நெனச்சேன். பெல்ட்ட வெட்டச் சொன்னா எங்கண்ணன் உங்கள இன்னா பேச்சு பேசுதோன்னு. சிரிப்பு வந்துச்சு. அப்டியே தூக்கிட்டேன்.”

அந்தச் சிரிப்புதான் தூக்கியதா, பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டு அவளையே முறைத்துப் பார்க்க நான் இல்லாததா, அல்லது இதை விட்டால் பஸ்தான் என்கிற கடைசி வாய்ப்பா, எனக்குத் தெரியாது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னபோது, ஒரே ஒரு தூக்கலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் நல்ல கேள்வி கிடைத்திருக்கிறது என்றார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மாநிலப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆய்வை முதலிலிருந்து மாற்றிப் போட்டிருக்கிறேன். இந்த முறை புதிதாக எதையும் சேர்க்கப் போவதில்லை. ஒரு வாரம் பெல்ட் இல்லாமல், ஒரு வாரம் கையில் பூசுகிற வெள்ளைப் பொடி இல்லாமல், ஒரு வாரம் கோச்சின் சத்தம் இல்லாமல் அவள் தூக்கிப் பழக வேண்டும். எது போனாலும் தன்னால் நிற்க முடியும் என்று அவளுக்கே தெரிய வேண்டும். கோச் சம்மதித்துவிட்டார், தன் சத்தத்தை நிறுத்துகிற வாரத்துக்கு மட்டும் இன்னும் பேரம் பேசுகிறார். உதவி செய்வதென்றால் கூடவே நிற்பது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். அதனால் திங்கட்கிழமை தொடங்குகிற முதல் வாரத்தில் அந்தக் கூடத்திலிருந்து எடுக்கப் போவது என்னைத்தான்; வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடிகிறதா என்பதையும் அப்போதுதான் பார்க்க வேண்டும்.