அப்பாவின் ஷெட் கதவுக்கு ரப்பர் மாற்றிய மழைக்காலம்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், இணைப்புகளோடு சேர்த்து மடித்தது, கதவைத் திறக்காமலேயே உள்ளே வந்து அப்பாவின் கட்டில் காலில் இடித்து நின்றது. பேப்பர் போடுபவர் கதவின் அடி இடுக்கு வழியாகத் தள்ளிவிட்டிருந்தார். படுத்தபடியே எட்டி எடுக்க முடிகிறதே என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்குத் தோன்றியது வேறு. இவ்வளவு தடிமனான பேப்பர் நுழைகிற இடுக்கில் ஐப்பசி மழை நுழையாதா? உடனே ஸ்கேலை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து அளக்கத் தொடங்கினேன்.

"இன்னா பாப்பா, கதவுக்கு கவுன் தைக்கப் போறியா?" என்றார் அப்பா.

அப்பா ஏன் கார் ஷெட்டில் இருந்தார் என்று வெளியூர் உறவினர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா சாந்தோமில், கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமானதால் படிப்பு பத்தாவதோடு நின்றது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலை, பிறகு பள்ளிக்கூட வேன், அதற்கும் பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனையும் கீழே இருந்த கார் ஷெட்டையும் வாடகைக்கு எடுத்து, ஒரே ஒரு காரோடு சொந்தமாக டிரைவிங் ஸ்கூல். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலருக்கு, கிளட்சை மெதுவாக விடச் சொன்ன அந்தக் குரல் ஞாபகம் இருக்கும். அப்பா யாரையும் திட்டியதில்லை. கற்றுக்கொள்பவர் காம்பவுண்டு சுவரில் இடித்துவிட்டால், இறங்கிப் போய் வீட்டுக்காரரிடம் தாமே மன்னிப்புக் கேட்பார். திரும்பி வந்து, "சுவரு எங்கியும் போவாதும்மா, அங்கயேதான் கீது. நீதான் அத்தப் பாத்து ஓட்டணும்" என்பார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. பேச்சு மட்டும் பழையபடியே தப்பியது. எங்கள் மாடிப்படி வெளிப்புறமாகச் சுற்றி ஏறுவது, குறுகலானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலியோடு தூக்கிய நான்கு பேரும் பாதியில் நின்றுவிட்டார்கள். காரை விற்றாகிவிட்டதால் ஷெட் காலியாகத்தான் இருந்தது. கட்டிலை அங்கே போட்டோம். தெருவில் போகிறவர்கள் கதவைத் தட்டி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் பன்னிரண்டாவது மாடியில் அவனுக்கு வீடு. லிஃப்ட் உண்டு, தனி அறை உண்டு. அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"மழ ஆரம்பிக்கட்டும். ஒரு சொட்டு தண்ணி உள்ள வந்துச்சுன்னா அன்னிக்கே அப்பாவக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது."

"பன்னெண்டாவது மாடில என்ன யாருடா வந்து பாப்பாங்க? காக்கா கூட மூச்சு வாங்கும்" என்றார் அப்பா. ஆனால் நிபந்தனைக்குச் சம்மதித்தார். அதனால் அப்பா அங்கே இருப்பதா போவதா என்பது அந்தக் கதவின் அடியில் வந்து நின்றது.

அது தகரம் அடித்த இரட்டைக் கதவு. அடியில் இருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து, தொட்டால் கருகிய அப்பளம் போல உதிர்ந்தது. ஓரங்களில் இருந்ததில் பாதியை எலி தின்றிருந்தது. இணையத்தில் மூன்று நாள் படித்தேன். அதில் இருந்த சாமான் எதுவும் நம் ஊர்க் கதவுக்குப் பொருந்துவதாக இல்லை. அப்பா ஒரே வரியில் முடித்தார்: "புதுப்பேட்டைக்குப் போ. வேன் கதவுக்குப் போடற பீடிங் ரப்பர் கேளு."

ஓரங்களுக்கு வேன் பீடிங். அடியில் தடித்த ரப்பர் பட்டை, அதன் மேல் அலுமினியத் தகடு வைத்து ஸ்குரூ. போதாதென்று கதவுக்கு உட்புறம் தரையில், சுவருக்குச் சுவர், விரல் உயரத்துக்கு ஒரு ரப்பர் வரப்பையும் பசை போட்டு ஒட்டினேன். அப்பா கட்டிலிலிருந்து வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தார்: "லெஃப்ட்ல கொஞ்சம்... போதும். அவசரப்படாத. ஸ்குரூவ ஒரே மிதியா மிதிக்காத." வேலை முடிந்ததும் அம்மா தெருவில் நின்று ஹோஸ் பைப்பால் கதவின் மேல் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அப்பா நன்றாக இருக்கும் வலது கையை நெற்றியில் வைத்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அக்டோபரில் எங்கள் அன்பியத்தார், அதாவது பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள், ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்வது வழக்கம். எங்கள் முறை வந்த மாலையில் நல்ல மழை. மாதா சுரூபத்தை அப்பாவின் தலைமாட்டில் வைத்து, இருபது பேருக்கு மேல் ஷெட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். செருப்புகள் நனையாமல் இருக்கட்டும் என்று கதவோரம் உள்ளேயே விடச் சொன்னேன். அண்ணனும் வந்திருந்தான். ஜெபத்தில் அவன் கண் மாதாவின் மேல் இல்லை, கதவின் அடியில் இருந்தது. நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்ததால் என் கண்ணும் மாதாவின் மேல் இல்லை.

ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளில் மூன்று பத்து முடிந்தது. கதவில் கசிவு இல்லை. நாலாவது பத்தின் நடுவில் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி ஜெபத்தை நிறுத்தாமலே என் தோளைத் தட்டினார்.

"அடியே, என் செருப்பு மிதக்குது."

அண்ணன் முதலில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தான். ஓடிப்போய் ஷெட்டின் மெயினை மட்டும் அணைத்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால், கதவோரம் கணுக்கால் நனைகிற தண்ணீரில் இருபது ஜோடிச் செருப்புகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. அப்பாவின் கட்டில் கால்கள் தண்ணீருக்குள் நின்றன.

"பாத்தியா? நாளைக்குக் காலைல கிளம்பறோம்" என்றான் அண்ணன். தண்ணீர் எப்படி வந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

அப்போது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "ஐயோ, மோட்டார் போட்டேன். நிறுத்தவே இல்ல!"

மாடித் தொட்டி நிறைந்து வழிந்திருக்கிறது. வழிகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று அப்பாதான் பல வருடங்களுக்கு முன் அந்தப் பைப்பை ஷெட்டின் பின்சுவர் வழியாக உள்ளே திருப்பிவிட்டிருந்தார். காலை வகுப்புக்கு முன் கார் டயரைக் கழுவ அதுதான் தண்ணீர். ஷெட் தரையும் கதவை நோக்கிச் சரிவாகப் போடப்பட்டது. இத்தனை நாளும் வழிந்ததெல்லாம் பேப்பர் வந்த அதே இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போயிருக்கிறது. நான் வரப்பு கட்டி அதை நிறுத்திவிட்டேன். வெளியிலிருந்து வருவதையே யோசித்த நான், உள்ளே இருப்பது எப்படிப் போகும் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை.

அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. நீதான கதவையே மொறச்சிக்கினு நின்ன? வெளிய இருந்து ஒரு சொட்டு வந்துச்சா?"

"இல்ல. ஆனா..."

"அப்ப பாப்பா வேல பாஸு. நான் வச்ச பைப்புதான் ஃபெயிலு. பைப்ப மாத்து. ஆள இன்னாத்துக்கு மாத்தற?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் மோட்டாரை நிறுத்தி, காய்கறிக் கத்தியோடு இறங்கி வந்து, மண்டியிட்டு ரப்பர் வரப்பின் நடுவில் ஒரு சாண் அளவுக்கு அறுத்தான். நான் அந்த இடத்தில் கதவின் அடிப் பட்டையைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் சத்தத்தோடு வெளியே போனது. அவன் முழங்கால் வரை நனைந்திருந்தான். எழுந்து, அப்பாவின் போர்வை நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். நனையவில்லை. "சனிக்கிழம வர்றேன். எல்போ பைப் என்ன சைஸுன்னு பாத்து வை" என்று என்னிடம் மட்டும் சொன்னான். மீதி ஜெபமாலையை எல்லோரும் ஈரக் காலோடு நின்று முடித்தோம்.

சனிக்கிழமை வந்தான். வழிகிற பைப்பைக் கீழ்த் தொட்டிக்குத் திருப்பினோம். வரப்பை அறுத்த இடத்தில், உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும்படி ஒரு ரப்பர் நாக்கு வைத்தோம். அந்த வருட மழை முழுவதும் ஷெட் காய்ந்தே இருந்தது. நிபந்தனையைப் பற்றி அண்ணன் பிறகு பேசவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் காலை, அம்மா காபியோடு இறங்கி வருவதற்குள், அப்பா அந்தக் கட்டிலிலேயே காலமானார். அன்று கதவின் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தன. வந்தவர்கள் தெரு முனை வரை நின்றார்கள்.

கதவில் துளை போட மறுப்புச் சொல்லாத வீட்டுக்காரர், தினமும் காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிய நர்சிங் தம்பி, வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத் தந்தை, செருப்பு நனைந்ததை இன்றுவரை கேலி செய்தாலும் அப்பாவுக்காக ஒரு மாலையும் தவறாமல் ஜெபித்த அன்பியத்தார், காரும் ஸ்கூலும் இல்லாமல் போன பிறகும் 'சார்' என்று கதவைத் தட்டியவர்கள் எல்லோரிடமும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வந்து நின்றதற்கு நன்றி.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி முடியவில்லை. அண்ணன் மறுபடியும் பன்னிரண்டாவது மாடியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தான். "எனக்கு ஷெட்டு போதும். ஒரு குளிக்கிற எடம் மட்டும் கட்டிக் குடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அடி ரப்பரும் ஒரு பக்கம் வெயிலில் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. நினைவுத் திருப்பலி முடிந்த அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்குகிறோம். இம்முறை புதுப்பேட்டைக்குப் போவதற்கு முன், அண்ணன் பின்சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவான். நான் கதவருகே உட்கார்ந்து, அது எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பேன்.