கழுவி வந்த டப்பா

என் கணவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் குடித்த டம்ளரைக்கூடத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டறியாத மனிதர். அவருடைய டப்பா துடைத்து, மூடி போட்டு, ரப்பர் பேண்டும் சுற்றி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ரோஜா வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது எலுமிச்சை சோப்பில்.

"என்னா மோந்து பாத்துக்கிட்டு இருக்க?" என்றார்.

"சும்மா பாக்கறேன்" என்றேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறேன். தினம் இரண்டு வேளை பல் தேய்ப்பதாகச் சொல்கிறவர்களின் வாய்க்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று டாக்டர் எழுதி அனுப்பும் அட்டைகளைப் பார்த்தே வருடங்கள் ஓடிவிட்டன. அதனால் யாராவது கேட்காமலே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். இந்தக் குணத்தை மாற்றிக்கொள்ள நானும் முயற்சி செய்ததில்லை.

வீடு கிள்ளானில். அவர் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவர், வேனிலேயே பொழுதைக் கழிக்கிறவர். காலையில் காப்பார் என்றால் மத்தியானம் ஸ்ரீ கெம்பாங்கான். மகள் படிவம் மூன்று படிக்கிறாள். பள்ளி, அது முடிந்தால் நெட்பால், அதுவும் முடிந்தால் டியூஷன். காலையில் அவர்தான் அவளைப் பள்ளியில் இறக்கிவிடுவார், சாயங்காலம் டியூஷனிலிருந்து ஏற்றி வருவார். எனக்கு ரயில். காலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் பூட்டுப் போட்டாகிவிடும். அதனால் எங்கள் குடும்பத்துச் சாப்பாடு என்பது விடியற்காலையில் நான் கட்டும் மூன்று டப்பாக்கள்தான். ஒரே அடுப்பில் ஆக்கியதை மூன்று ஊரில் சாப்பிடுவோம்.

எங்கள் நாட்டில் கோடை என்று தனியாக எதுவும் கிடையாது, வருடம் முழுக்க வெயில்தான். ஆனாலும் போன வருடம் சில மாதங்கள் மழை எட்டியே பார்க்கவில்லை. பள்ளிக்குப் பிள்ளைகளை விளையாட்டு உடையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். ஏர்கோன் ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த வெயிலில் வேனில் கிடக்கும் சோறு மத்தியானம் வரை தாங்க வேண்டும் என்றால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்க வேண்டும். தேங்காய் கூடாது, தேங்காய்ப்பால் கூடவே கூடாது, பத்து மணிக்கே ஊசிப் போகும். சோற்றைச் சூட்டோடு மூடக் கூடாது. தட்டில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே ஆறவிட்டுத்தான் அள்ள வேண்டும். தயிர்ச்சோறு என்றால் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால் போதும், மிச்சத்தைப் போகும் வழியில் அதுவே பார்த்துக்கொள்ளும். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, இப்படித்தான் ஓடும். பார்லித் தண்ணீரை போத்தலில் உறைய வைத்து டப்பாவோடு சேர்த்துத் துணியில் சுற்றிவிடுவேன். அது உருகி முடிவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

மூன்று டப்பாவும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை, வித்தியாசமே தெரியாது. ஆனால் உள்ளே இருப்பது ஒன்றல்ல. அவருக்கு இனிப்பு நீர். மாமனாருக்கும் அதுதான். கடைசியில் அவருக்கு வலது காலைக் கணுக்காலோடு எடுத்தார்கள். இவருக்கும் ரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது, சாப்பாட்டில் கவனமாக இல்லாவிட்டால் அடுத்தது ஊசிதான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் அவர் டப்பாவைத் தனியாகக் கட்ட ஆரம்பித்தேன். கால் பங்கு சோறு, பாக்கி பயித்தங்காய், வெள்ளரிக்காய், ஓர் அவித்த முட்டை. உருளைக்கிழங்கு வறுவலும் நெத்திலியும் மகளுக்கு மட்டும். மாறிப்போகாமல் இருக்க, பாசாரில் கீரைக்கட்டோடு வரும் ரப்பர் பேண்டுகளைச் சேர்த்து வைத்து, அவருக்குச் சிவப்பு, அவளுக்குப் பச்சை என்று சுற்றுவேன். எப்போதும் இரண்டு சுற்று.

கழுவி வந்த டப்பாவில் மூன்று சுற்று இருந்தது.

அன்றிலிருந்து தினமும் கழுவித்தான் வந்தது. தினமும் ரோஜா வாசனை. இந்த மனிதருக்கு எங்கோ ஒரு சமையலறை கிடைத்திருக்கிறது, அங்கே கைமணமுள்ள யாரோ இருக்கிறாள், என் பயித்தங்காய் குப்பைக்குப் போகிறது என்று முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டப் போன நேரத்தில் வேனைத் திறந்து தேடினேன். சாப்பாட்டுப் பொட்டலம் மடித்த காகிதமோ, கடைச் சிட்டையோ, ஒரு பல்குச்சியோகூட இல்லை. பழைய ஃபில்டர்களும் செப்புக் குழாய்களும்தான் கிடந்தன. தடயமே இல்லாதது என்னை இன்னும் கலவரப்படுத்தியது. அவ்வளவு சுத்தமாக இருக்கக்கூடிய ஆள் அவர் இல்லை.

மகளின் டப்பாவை நான் முகர்ந்து பார்க்கவே இல்லை. அவள் சின்ன வயதிலிருந்தே கழுவித்தான் கொண்டுவருவாள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். சீனி இறங்கியிருக்கும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஏறியிருந்தது. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், அதற்குமேல் முடியாது என்றார் டாக்டர். வேனில் திரும்பும்போது எனக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும் இல்லை. மாமனாரின் ஒற்றைச் செருப்பு கண்முன் வந்து நின்றது.

"வெளிய சாப்புடுறிங்களா?"

"சத்தியமா இல்ல. நீ கட்டிக் குடுக்கறதுதான்."

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் எப்போது கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தார். போனைச் சமையல்மேடையில் சார்ஜில் போட்டிருந்தார். நான் அதைத் தொடவில்லை, அதுவாகத்தான் வெளிச்சம் போட்டது. பத்தடி தள்ளி அறைக்குள் இருந்த மகள் அவருக்கு அனுப்பியிருந்தாள். 'பா, நாளைக்கும் எனக்கு கோசோங். அம்மாகிட்ட வாய விட்றாதிங்க.'

கோசோங் என்றால் எங்கள் ஊரில் என்னவெல்லாமோ. தேநீர்க்கடையில் சொன்னால் சீனி போடாதது. போன் நம்பர் சொல்லும்போது பூஜ்யம். மற்றபடி வெறுமை, காலி. எனக்கு முதலில் பூஜ்யம்தான் தோன்றியது. பிள்ளை டியூஷன் தேர்வில் முட்டை வாங்குகிறாள், அப்பா மறைக்கிறார்.

அறைக் கதவைத் தட்டி, "கடைசி டெஸ்ட்டுல எவ்ளோ?" என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டு மா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தாளையும் எடுத்துக் காட்டினாள். எழுபத்தெட்டுதான். அப்படியென்றால் காலி. வயிறு காலி. நாளைக்கும் எனக்கு ஒன்றும் வேண்டாம், நாளைக்கும் பட்டினி. துணி மடிக்கும்போது அவளுடைய நெட்பால் பாவாடை இடுப்பில் ஊக்கு குத்தியிருந்ததைப் பார்த்தது அப்போதுதான் உறைத்தது. உயரம் போடுகிறாள், அதனால் மெலிகிறாள் என்று நானாகச் சமாதானம் சொல்லி மடித்து வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம்தான் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் அவளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் அறிவியல் டியூஷன், ஒன்றரை மணிக்கு. அவர்தான் கூட்டி வருவார். எனக்கு இரண்டு மணி வரை வேலை. அன்று பன்னிரண்டரைக்கே தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டியூஷன் சென்டருக்குப் பின்னால், மரத்தடியில் வேன் நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. நான் பூக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். சொந்தப் புருஷனையும் பிள்ளையையும் ஒளிந்து பார்ப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அவர் பச்சையைக் கழற்றினார். அவள் முட்டையை எடுத்துக் கடித்தாள். அவர் என் எலுமிச்சைச் சோற்றில் உருளைக்கிழங்கைப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

பொம்பளையும் இல்லை, கடையும் இல்லை. அவர் சத்தியம்கூட உண்மைதான், நான் கட்டிக் கொடுத்ததைத்தான் சாப்பிட்டிருக்கிறார். ரோட்டைத் தாண்டிப் போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேல முடிஞ்சிருச்சா?" என்றார். வாயில் சோறு.

"இது யாரு டப்பா?"

"அவதான் லா கேட்டா. கோசோங் எனக்கு வேணும், நீங்க இத எடுத்துக்குங்கன்னு. பள்ளிக்கூடம் போற வழியில மாத்திக்குவோம்."

கோசோங் என்றால் அவருடைய டப்பா. சீனி போடாத தேநீரைப் போல, ருசியென்று எதுவும் போடாத டப்பா. எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் அதற்குப் பேரே வைத்திருந்தார்கள்.

"பதினஞ்சு வயசுப் புள்ள மேல பழி போடறிங்களா?" என்று ஆரம்பித்தேன். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஆரம்பித்தேன். அப்பாவின் கால் போன பிறகும் புத்தி வரவில்லையா, ஊசி குத்தினால்தான் உறைக்குமா, பிள்ளையின் சோற்றைப் பிடுங்கித் தின்கிற அளவுக்கு நாக்கா என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கொட்டினேன். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் பைக்கருகில் ரோஜா நிறத்தில் ஒரு சின்னக் கைகழுவும் சோப்பு போத்தல் இருந்தது. இரண்டு டப்பாவையும் டியூஷன் சென்டரில் கழுவி, ரப்பர் பேண்டைச் சரியாக மாட்டிக் கொடுத்தது யார் என்பதும் புரிந்தது.

"அப்பாவ திட்டாதிங்க மா. நான்தான் கேட்டேன். அவங்க மொதல்ல வேணாம்னுதான் சொன்னாங்க."

"ஏன் கேட்ட? யாராச்சும் குண்டுன்னு சொன்னாங்களா?"

அவள் பாதி முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்கதானே பெரியம்மாகிட்ட போன்ல சொன்னிங்க. மூஞ்சி மட்டுமில்ல, இனிப்பு நீரும் அப்பாகிட்டருந்து இவளுக்குத்தான் வரும்னு."

சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"தாத்தாவுக்கு எடுத்த மாதிரி எனக்கும் கால எடுத்துட்டா எப்படி மா வெளாடறது? கோசோங் சாப்ட்டா வராதுல்ல?"

மூன்று மாதமாக ஒரு மனிதரின் மூடியை முகர்ந்திருக்கிறேன், வேனைக் குடைந்திருக்கிறேன், இல்லாத ஒருத்தியைத் திட்டியிருக்கிறேன். என் வாயை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. அவரைப் பார்த்தேன். இதெல்லாம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. உருளைக்கிழங்கு கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளையிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவரை மன்னிக்க எனக்குச் சில நாள் ஆனது. என்னை மன்னிக்க இன்னும் ஆகிறது.

அவளை அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, சீனி ஒன்றும் இல்லை, ஆனால் ஓடியாடுகிற பிள்ளைக்கு இந்தச் சாப்பாடு போதாது, நன்றாகச் சாப்பிடு என்றார். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து மூன்று டப்பாவும் ஒரே மாதிரி என்று அறிவித்தேன். ரப்பர் பேண்டு கிடையாது. எல்லோருக்கும் அரைப் பங்கு சோறு, அரைப் பங்கு காய், ஓர் அவித்த முட்டை, இரண்டு துண்டு உருளைக்கிழங்கு. காற்றாடிக்குக் கீழே ஆறவைத்து, அள்ளி, மூடி, வாசல் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் வேனைக் கிளப்பப் போனார்.

மகள் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்தாள். டப்பாவை எடுக்கவில்லை. முதல் மூடியைத் திறந்து பார்த்தாள். அடுத்ததைத் திறந்தாள். மூன்றாவதையும் திறந்தாள். குனிந்து, ஒன்றோடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாம் சமம்தான்" என்றேன்.

"தெரியும் மா. சும்மா பாக்கறேன்."

பார்த்துவிட்டு மூன்றையும் மூடி, நடுவில் இருந்ததை எடுத்தாள். அது அவருடையது. அதில் மட்டும் ஒரு கரண்டி சோறு குறைத்திருந்தேன். ஊசியை நினைத்துத்தான் குறைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று நினைத்தேன்.

"அது வேணாம், அப்பாவுது" என்றேன். "ஒரு கரண்டி கம்மி."

அவள் கோபப்படவில்லை. "சமம்னு சொன்னிங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே அவர் ஹாரன் அடித்தார். நான் உள்ளே போய்க் கரண்டியையும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் கையிலிருந்த டப்பாவைத் திறந்து நீட்டச் சொல்லி, ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மற்ற இரண்டையும் மறுபடி திறந்து காட்டச் சொன்னாள். திறந்து காட்டினேன்.