அக்கா பதில் சொன்ன கணக்கெடுப்பு

எனக்குக் கண் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் குருக்கள்மடம் என்ற எங்கள் ஊரில் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பற்றி அக்காவிடம்தான் கேட்பார்கள். அக்காவும் ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருப்பாள். கல்முனையில் கண் தெரியாதவர்களுக்குக் கணினி பழக்குகிறார்கள், பஸ்ஸில் தனியே போகட்டுமா என்று நான் கேட்டால் மட்டும் பதிலே வராது.

மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கை பற்றிக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். அவளாவது என்னிடம் கேட்டாள்; சந்தோஷமாக இருந்தது. பதிலுக்கு ஓர் அட்டையை நீட்டினாள். அழுத முகத்திலிருந்து சிரித்த முகம் வரை வரைந்திருக்கிறதாம், ஒன்றைத் தொட வேண்டுமாம். தடவிப் பார்த்தேன். எல்லா முகமும் ஒரே வழுவழுப்பு.

“தங்கச்சி, இது கண் தெரிஞ்சவங்களுக்குச் செஞ்ச அட்டை” என்றேன். அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். நான் அக்காவிடம் ஐந்து கோப்பையும் கொஞ்சம் அரிசியும் வாங்கினேன். முதலாவது வெறுங் கோப்பை, கடைசி தளும்பத் தளும்ப, இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. விரலை விட்டால் பதில். அந்தப் பெண் கைதட்டாத குறைதான்.

கேள்விகளைத் தனியாகக் கேட்க வேண்டுமாம். அக்காவை எழும்பிப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்புவது பெரிய வெட்கக்கேடு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, வந்த புள்ளைக்கு ஒரு இளனி வெட்டல்லையா?”

அக்கா பதறிக்கொண்டு வளவுத் தென்னையடிக்கு ஓடினாள்.

சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் நிறைந்த கோப்பையைத் தொட்டேன். உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானிக்கிறீர்களா என்று கேட்டபோது விரலை வெறுங் கோப்பைக்குள் விட்டேன்.

அக்கா இளனியோடு திரும்பி வந்து நின்றது என் காதுக்குக்கூடக் கேட்கவில்லை.

“ஒனக்கு நான் என்னகா கொற வெச்சன்?” அவள் குரல் உடைந்திருந்தது. அரிசியை அள்ளி அந்தக் கோப்பைக்குள் கொட்டினாள். “மறுகா தொட்டுப் பாரு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இதையும் நீதானே அக்கா நிரப்பின” என்றேன்.

அந்தப் பெண் பாவம், இளனியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்திருப்பாள். பிறகு அக்கா மூக்கைச் சிந்தினாள்.

“கல்முனை பஸ்ஸில ஏத்திவிட மட்டும் வாறன்” என்றாள்.

“ஏத்திப்போட்டு நீ எறங்கிரணும்” என்றேன்.