பதியாத ரேகை

கணபதி வட்டாரப் பட்டறை ஒன்றில் பம்புசெட் உதிரிபாகங்களைத் தேய்த்து மெருகேற்றும் பொற்கொடிக்கு, ரோம் நகரத்துக் கொலோசியம் அரங்கத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று இருபது வருடத் தவிப்பு. ஆனால் விசா அலுவலகத்தில் அவள் கைரேகை பதியவேயில்லை. வேலையில் விரல்கள் அவ்வளவு தேய்ந்திருந்தன. பத்து நாள் வேலையை விட்டுவிட்டு, ரேகை மறுபடி தெளிந்தபின் வரச் சொன்னார்கள்.

சும்மா இருக்க அவளால் முடியுமா? வீட்டுக்குள் கூண்டுப்புலியாய் உலாத்தினாள். பாத்திரம் துலக்கப் போனால் கணவன் ராசப்பன் பிடுங்கிக்கொண்டான்.

"ஏனுங்க, மறுக்காவும் பதியலைன்னா?"

"ரெண்டாயிரம் வருசமா நிக்கிறது, பத்து நாள்ல ஓடியா போயிரும் அம்மணி?"

"அது நிக்குமுங்க. நான் நிக்கோணுமே!"

பதினோராம் நாள் விசா அலுவலகத்தில் ரேகைக் கருவியின் கண்ணாடியில் விரல்களை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. "பதிஞ்சிருச்சும்மா, எடுங்க" என்றார் அலுவலர். அவள் எடுக்கவில்லை. ராசப்பன்தான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினான். அப்போதுதான் பொற்கொடி வாய்விட்டு அழுதாள்.